பித்தளைக் கோட்டுக்கு அப்பால் ஐந்து விரல்

ஃபெராரா நகரத்தில் டிசம்பர் மாதம் சூரியனைப் பார்க்க ஆசைப்படுகிறவன் ஒன்று பைத்தியமாக இருக்க வேண்டும், இல்லை தத்தேயோ போனாச்சியோலியாக இருக்க வேண்டும். ஊரில் பாதிப் பேருக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆயிரத்தைந்நூற்று எழுபத்துநாலு, டிசம்பர். பதினோரு நாளாக மூடுபனி. போ நதியிலிருந்து எழுந்து வந்து தெருவில் உட்கார்ந்தது, எழுந்து போகிற வழியைக் காணோம். எதிரே வருவது கழுதையா கனவானா என்று முட்டிக்கொண்ட பிறகுதான் தெரியும். தத்தேயோ மட்டும் தினமும் நண்பகலுக்கு அரை மணி முன்னால் சான் ரெமிஜியோ தேவாலயத்துக்குள் நுழைவார், தொப்பியைக் கழற்றுவார், தரையில் மண்டியிடுவார். வெளியூர்க்காரர்கள் பார்த்தால் என்ன பக்தி என்று உருகிப் போவார்கள். பக்தியும் இல்லை, ஒன்றும் இல்லை. தரையில் பதித்திருந்த பித்தளைக் கோட்டைக் கைக்குட்டையால் துடைக்கத்தான் அந்த மண்டியிடல்.

அந்தக் கோடு அவர் பதித்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு ஒரு யோசனை வந்தது. மற்ற வானியல்காரர்கள் எல்லாம் ஆளுயரக் கருவிகளை வைத்துச் சூரியனை அளந்துகொண்டிருந்தார்கள். அந்தக் கருவியில் பாகையில் பத்தில் ஒரு பங்கு என்பது அரிசி அகலம். அரிசி அகலத்தில் என்னத்தை அளப்பது? கருவி பெரிதானால் அளவும் தெளிவாகும். சரி, ஊரிலேயே பெரிய கட்டடம் எது? கோயில். அப்படியானால் கோயிலையே கருவியாக்கிவிட்டால் என்ன?

இதை முதலில் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். அவர் கேட்கிற ஆளா? தெற்குச் சுவரில், கூரையை ஒட்டி, ஒரு காசு அளவுக்கு ஓட்டை போட்டார். அதன் வழியாக உள்ளே விழும் சூரியவட்டம் சரியாக நண்பகலில் பித்தளைக் கோட்டைக் கடக்கும். கோடைகாலத்தில் சூரியன் உச்சியில் நிற்பதால் வட்டம் சுவருக்குப் பக்கத்தில் விழும். குளிர்காலத்தில் சூரியன் தாழ்ந்து போக, வட்டம் நகர்ந்து நகர்ந்து கோட்டின் மறுகோடிக்கு, வடக்கு மூலையில் இருக்கும் புனித லூசியா பீடத்தின் காலடிக்கு, வந்து சேரும். வருஷத்திலேயே குறுகிய பகலன்று அது எங்கே விழுகிறதோ அங்கே உளியால் ஒரு கீறல் போடுவார். வருஷத்துக்கு ஒன்று.

எல்லாக் கீறல்களும் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். சூரியன் என்ன, வருஷா வருஷம் வீடு மாற்றுகிற வாடகைக்காரனா? ஆனால் விழவில்லை. முதல் சில வருஷம் தன் கண்ணையே சந்தேகப்பட்டார். பிறகு சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் போயிற்று. கீறல்கள் வடக்கே வடக்கே போய்க்கொண்டிருந்தன. போன வருஷக் கீறல் முதல் கீறலைத் தாண்டி நாலு விரல் தள்ளி இருந்தது.

இதற்கு ஒரே அர்த்தம்தான். சூரியன் குளிர்காலத்தில் முன்னைவிடத் தாழ்ந்து போகிறது. தன் வழியை மாற்றிக்கொண்டிருக்கிறது! ஆயிரத்தைந்நூறு வருஷமாக ஒருத்தன் சொல்லாத செய்தி. கொமாக்கியோவில் விலாங்கு மீனுக்கு உப்புப் போட்டவன் மகன், பல்கலைக்கழகத்தில் சக ஆசிரியர்கள் 'ஓட்டை வாத்தியார்' என்று கூப்பிடுகிற மனுஷன், ஐம்பத்தெட்டு வயதில் அதைச் சொல்லப்போகிறார். காலண்டரைத் திருத்துவதற்காக ரோமில் கூடியிருந்த பண்டிதர்கள் எல்லா ஊருக்கும் எழுதிக் கேட்டிருந்தார்கள், அவரவர் அளந்ததை அனுப்பும்படி. தபால்காரன் நாளைக் காலை, டிசம்பர் பதின்மூன்றாம் தேதி லூசியா திருநாளன்று, குதிரை ஏறுகிறான். இன்றுதான் அந்தக் குறுகிய பகல்; ஒரே ஒரு கீறல் கிடைத்துவிட்டால் போதும். அவருக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்று சொன்னால் வெட்கக்கேடு. இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

"இன்னிக்கும் காணாதுய்யா உம்ம சூரியன்," என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தார் பங்குக்குரு டான் ஜெர்வாசோ. குளிருக்குக் கையை அங்கிக்குள் விட்டுக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் இருபது வருஷப் பழக்கம்.

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க சாமி. கோயில்ல நின்னுகிட்டு அபசகுனமாப் பேசாதீங்க."

"நான் என்ன வேணாம்னா சொல்றேன்? எனக்கும்தான் ஆசை. சூரியன் வழி மாறினதைக் கண்டுபிடிச்ச கோயில்னு பேர் வந்தா கோமகனே நேர்ல வருவாரு. நிலநடுக்கத்துக்கு அப்புறம் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத சனமெல்லாம் ஓடி வரும்."

நிலநடுக்கம் வந்து நாலு வருஷம். இரண்டு குளிர்காலம் ஊரே கூடாரத்தில் படுத்தது. இன்னும் கூட கோயிலுக்குள் வருகிறவர்கள் முதலில் கூரையைப் பார்த்துவிட்டுத்தான் சிலுவை போட்டுக்கொள்வார்கள்.

அப்போதுதான் தரையில் ஏதோ மினுங்கியது. மங்கலாக, இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி. தத்தேயோ மூச்சை நிறுத்திக்கொண்டார். மேலே பனி கிழிந்திருக்க வேண்டும். வெளிச்சம் மெல்லத் திரண்டு வட்டமாயிற்று, பித்தளைக் கோட்டை நோக்கி ஊர்ந்தது, கோட்டின் மேல் ஏறி உட்கார்ந்தது. உளியை வைத்து ஒரே தட்டு. அடுத்த நிமிஷம் பனி மூடிவிட்டது.

அளந்தார். முதல் கீறலிலிருந்து ஐந்து விரல். போன வருஷத்தைவிட இன்னும் ஒரு விரல் அதிகம்.

"சாமி," என்றார். கையை விரித்து ஐந்து விரலைக் காட்டினார். டான் ஜெர்வாசோ ஓடிவந்து கட்டிக்கொண்டார். இரண்டு கிழவர்களும் பீடத்தின் முன்னால் சின்னப் பிள்ளைகள் மாதிரி அழுதார்கள். அழுது முடித்ததும் குரு கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஊர் பூராவும் சொல்ல ஓடினார்.

தத்தேயோ அங்கேயே, பாவசங்கீர்த்தனக் கூண்டின் பலகையில் தாளை வைத்து, கடிதத்தை எழுதி முடித்தார். மடித்து, அரக்கு வைத்து, மேலங்கிப் பைக்குள் போட்டுத் தட்டிப் பார்த்துக்கொண்டார். கிளம்ப வேண்டியதுதான். கிளம்பியிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

வாளிச் சத்தம் கேட்டது. மெனிகா வந்துவிட்டாள். முப்பது வருஷமாகக் கோயில் தரையைக் கழுவுகிறவள். அவளுக்கும் தத்தேயோவுக்கும் பன்னிரண்டு வருஷமாக ஆகாது. அவருடைய சுண்ணாம்புக் கோடுகளை அவள் அழித்துவிடுவாள். அவள் கழுவின இடத்தில் அவர் செருப்புக்காலோடு நடப்பார். இரண்டு பேருமே வேண்டுமென்றுதான் செய்தார்கள்.

"நாளைக்குத் திருநாள். ஊர்ச் சேறெல்லாம் இங்கதான் வரப்போகுது. எந்திரிங்க ஐயா, கழுவணும்," என்றாள்.

"கொஞ்சம் பொறு. புதுக்கீறல் போட்டிருக்கேன். அதுமேல தேய்ச்சுத் தொலைக்காத."

"கீறலாம் கீறல். நல்லா இருந்த தரையைக் கொத்திக் கொத்திக் கெடுத்தாச்சு. உங்களால எனக்கு முழங்கால் போச்சு, தெரியுமா?"

"என்னால உன் முழங்காலா? நான் என்ன உன் முழங்காலையா கொத்தினேன்?"

"பித்தளையைப் பதிச்சீங்கல்ல? அதுக்கு முன்னாடி தண்ணியை ஊத்தினா ஊத்தின இடத்துல நிக்கும். வாசல் பக்கமா ஒரு தள்ளு தள்ளினா முடிஞ்சுது. இப்ப என்னான்னா, எங்க ஊத்தினாலும் ஓடிப்போய் லூசியம்மா காலடியில நிக்குது. அங்கேயிருந்து அம்புட்டையும் துணியில ஒத்தி ஒத்திப் பிழியணும். யார் பண்ணின வேலை இது?"

தத்தேயோவுக்குச் சுருக்கென்றது. அவருடைய கோட்டைப் பற்றி யாரும் குறை சொல்லக்கூடாது. "அடி மெனிகா, அந்தக் கோட்டைப் பதிக்கறப்ப நீர்மட்டம் வச்சு மூணு நாள் பார்த்தேன். ஒரு மயிரிழை ஏத்த இறக்கம் இருந்தா என் காதை அறுத்துக்கறேன்."

"கத்தி கொண்டு வரட்டுமா?"

"வாளியைக் குடு இப்படி!"

வாங்கினார். கோட்டின் நடுவில், பித்தளை மேலேயே, மெதுவாக ஊற்றினார். அவள் மூஞ்சியைப் பார்த்தபடி ஊற்றினார், அது எப்படிச் சுருங்கப்போகிறது என்று ரசிக்க. மூஞ்சி சுருங்கவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவள் கீழே பார்த்தாள். அவரும் பார்த்தார்.

தண்ணீர் கோட்டைப் பிடித்துக்கொண்டு வடக்கே போய்க்கொண்டிருந்தது. அவசரமே இல்லை. ஒரு கல், இரண்டு கல், மூன்று கல். போய் லூசியா பீடத்தின் படியை முட்டிக்கொண்டு குளம் கட்டியது.

தத்தேயோ சிரித்தார். அப்புறம் இன்னொரு வாளி கொண்டு வரச் சொன்னார். தெற்குச் சுவரை ஒட்டி ஊற்றினார். அங்கே தண்ணீர் அசையாமல் கிடந்தது. இரண்டு முழம் வடக்கே ஊற்றினார். கொஞ்சம் யோசித்தது, பிறகு புறப்பட்டது. அவர் முகத்திலிருந்து சிரிப்பு போய் வெகுநேரம் ஆகியிருந்தது.

நிலநடுக்கத்துக்குப் பிறகு அவர் எல்லாவற்றையும் சரிபார்த்தவர்தான். ஏணி போட்டு ஏறி ஓட்டையைப் பார்த்தார். தூக்குநூல் விட்டுச் சுவரைப் பார்த்தார். உயரத்தைக் கயிறு போட்டு அளந்தார். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. தரையை மட்டும் பார்க்கவில்லை. தரையை யார் பார்ப்பார்கள்? அது தரை.

"மெனிகா, இது எப்பலேர்ந்து? நிலநடுக்கத்துல இருந்தா?"

"அதுக்கு ரொம்ப முன்னாடியே. நீங்க பித்தளை பதிச்ச மறு வருஷமே ஆரம்பிச்சுருச்சு. நடுக்கத்துக்கு அப்புறம் ஜாஸ்தி."

அவர் பீடத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார். வடக்கு மூலை கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. தரை தாழ்ந்தால் வெளிச்சம் இன்னும் கொஞ்சம் கீழே, இன்னும் கொஞ்சம் தள்ளி விழும். குளிர்காலச் சூரியனின் சாய்வுக்கு, ஒரு விரல் தாழ்ந்தால் இரண்டரை விரல் தள்ளி விழும். மனதிலேயே கணக்குப் போட்டுவிட்டார். போட வேண்டாம் என்று நினைத்தும் போட்டுவிட்டார். தரை இரண்டு விரல் இறங்கியிருந்தால் ஐந்து விரல்.

பைக்குள் இருந்த கடிதத்தின் அரக்கு விலாவில் இடித்தது. ரோமில் இருக்கிற எவனாவது இங்கே வந்து வாளியில் தண்ணீர் ஊற்றிப் பார்க்கப்போகிறானா? மாட்டான். இந்த நினைப்பு வந்ததற்கு அவர் வெட்கப்பட்டார். வெட்கப்பட்டபடியே அதை இன்னொரு தடவை நினைத்துப் பார்த்தார்.

டான் ஜெர்வாசோ மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். "பிஷப் அரமனைக்கே சொல்லி அனுப்பியாச்சு! நாளைக்குத் திருப்பலியில அறிவிக்கப்போறேன். என்னய்யா, எழவு வீட்டுல மாதிரி உட்கார்ந்திருக்கீரு?"

தத்தேயோ சொன்னார். குரு கேட்டுக்கொண்டே வந்தார், கேட்கக் கேட்க அவர் முகம் சிவந்தது. தத்தேயோவுக்காக வருத்தப்படுவார் என்று பார்த்தால் அவர் கவலை வேறாக இருந்தது.

"கோயில் இறங்குதா? இதை வேற யார்கிட்டயாவது சொன்னீரா?"

"சாமி, சூரியன் மாறல. அதுதான் விஷயம்."

"சூரியன் எக்கேடோ கெட்டுப் போகட்டும்! கோயில் இறங்குதுன்னு வெளியே தெரிஞ்சா நாளைக்கு ஒரு ஈ காக்கா உள்ள வராது. இப்பத்தான் நாலு பேர் தைரியமா முட்டி போடறான். நீர் எழுதினதை எழுதினபடி அனுப்பும். இந்தப் பொம்பளை வாளித் தண்ணியை வச்சுக்கிட்டு ரோமுக்கு யார் கடுதாசி எழுதுவா?"

"எழுதணுமே சாமி. கணக்கைத் திருத்தினா ஏன் திருத்தினேன்னு சொல்லணும்ல."

"அப்படி ஒரு வரி எழுதினீர்னா, திருநாள் முடிஞ்ச மறுநாள் கொத்தனை ஏத்தி அந்த ஓட்டையை அடைச்சுப் பூசிருவேன். ஆண்டவர் சத்தியமா. அப்புறம் நீர் எங்க வேணும்னாலும் போய்ச் சூரியனை அளந்துக்கும்." கதவை அறைந்துகொண்டு போய்விட்டார். விளையாட்டுக்குச் சொல்கிறவர் இல்லை அவர்.

மெனிகா துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். சண்டையில் ஜெயித்த சந்தோஷம் அவள் முகத்தில் இல்லை. "நான் சும்மா முழங்கால் வலிச்சதுல சொன்னேன்," என்றாள். "இவ்வளவு பெருசாகும்னு தெரியாது. நான் வேணா சொல்லலைன்னே வச்சுக்குங்களேன்."

தத்தேயோ படியிலிருந்து இறங்கினார். குனிந்து கீறல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கவலைப்படுகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். கொஞ்ச நேரம் முன்னால் வரை அது சரிதான். இப்போது அவருக்கு வேறு ஒன்று அரித்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வருஷமும் தரை இறங்கியிருக்கிறது. சரி. எந்த வருஷம் எவ்வளவு? அது தெரிந்தால்?

"மெனிகா, தினம் எத்தனை வாளி ஊத்துவ?"

"ரெண்டு. அதுக்கு மேல எவன் குடுக்கறான்?"

"முப்பது வருஷமும் ரெண்டா? இதே வாளியா?"

"இதே வாளிதான். அடி மட்டும் ஒருதரம் மாத்தினது."

"அப்ப கோட்டைப் பதிச்ச மறு வருஷம் தண்ணி எதுவரைக்கும் பரவி நின்னுச்சு? சொல்லு, சொல்லு!"

அவள் அவரைப் பார்த்த பார்வை, குருவைக் கூப்பிடலாமா என்கிற பார்வை. பிறகு யோசித்தாள். "மூத்தவ லியோனாரா கல்யாணம் ஆன வருஷம். அப்ப தண்ணி மெலிசா பரவும். படியிலேர்ந்து, தரையில பதிச்சிருக்கே அந்தப் பிரபு கல்லறை, காலடியில நாய் செதுக்கினது, அது வரைக்கும் ஈரம் நிக்கும். நாயைத் துடைச்சுத் துடைச்சு அலுத்துப் போவேன்."

"அடுத்து?"

"எம் புருஷன் காலை உடைச்சுக்கிட்ட வருஷம் பிரபு வரைக்கும் வரல. இந்தக் கல்லறைக் கல்லுல செதுக்கியிருக்கிற மடத்தம்மா தலைமாட்டோட நின்னுருச்சு. அதுக்கப்புறம் அவங்க இடுப்பு வரைக்கும். நடுக்கம் வந்ததும் ஒரேயடியா சுருங்கி, மூலையில ஆழமா நிக்க ஆரம்பிச்சுது."

தரை சாயச் சாய, அதே இரண்டு வாளித் தண்ணீர் பரப்பில் குறைந்து ஆழத்தில் கூடும். தண்ணீர் நின்ற எல்லை தெரிந்தால் தரை இறங்கிய அளவு தெரியும். தத்தேயோ சுண்ணாம்புக் கட்டியை அவள் கையில் கொடுத்தார். பன்னிரண்டு வருஷமாக அந்தக் கட்டியை அவள் தொட்டாலே கத்தியவர் அவர். இரண்டு பேரும் தரையில் தவழ்ந்தார்கள். அவள் பிரசவம், சாவு, கல்யாணம், பன்றி தொலைந்தது என்று வருஷம் சொல்லி எல்லை போட்டாள். சில வருஷங்களுக்கு அவளுக்குள்ளேயே சண்டை வந்தது, இல்லை இல்லை அது சின்னவன் பிறந்த வருஷம் என்று தானே அழித்துத் தானே போட்டாள். அவர் ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போட்டு, அந்த வருஷக் கீறலிலிருந்து கழித்துக்கொண்டே வந்தார்.

மாலை மணி அடிப்பதற்குள் முடிந்துவிட்டது. கழித்த பிறகு பன்னிரண்டு கீறலும் எங்கே வருகின்றன என்று பித்தளையில் சுண்ணாம்பால் புள்ளி வைத்தார். ஒன்று வைத்தார். இரண்டாவது அதன்மேலேயே விழுந்தது. மூன்றாவதும். ஒன்று மட்டும் கால் விரல் தள்ளி விழ, மெனிகா, "அது பன்றி வருஷம், எனக்கு அது சந்தேகம்தான்," என்றாள். மற்றதெல்லாம் ஒரே இடம். பன்னிரண்டு வருஷமும் சூரியன் வந்து நிற்க வேண்டிய இடத்தில் வந்து நின்றிருக்கிறது, சொன்ன நேரத்துக்கு, ஒரு மயிரிழை பிசகாமல்.

அவருக்கு அழுகை வந்தது. மத்தியானம் வந்த அழுகை இல்லை இது. தோற்றுப் போனதற்கும் அழுதார், இவ்வளவு அழகாகத் தோற்றதற்கும் அழுதார்.

"அப்ப கடுதாசி?" என்றாள் மெனிகா.

"வேற எழுதணும்."

"ஓட்டையை அடைச்சுருவாரே சாமி."

"அடைப்பாரு," என்றார். இனி இன்னொரு கோயில் கிடைக்காது. கிடைத்தாலும் இன்னொரு பன்னிரண்டு வருஷம் கிடைக்காது.

அவள் இன்னொரு விளக்கை ஏற்றி அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, மீதித் தரையைக் கழுவப் போனாள். சுண்ணாம்பு போட்ட பக்கம் போகவே இல்லை. அவர் பழைய கடிதத்தை விளக்கில் காட்டி எரித்தார். புதிதாக எழுதினார். குறுகிய பகல் இந்த ஊரில் இருபத்தொன்றாம் தேதிக்கு வெகு முன்னாலேயே வந்துவிடுகிறது, காலண்டர் ஏறக்குறைய பத்து நாள் பின்தங்கியிருக்கிறது என்று எழுதினார். தேவாலயத்தின் வடக்கு மூலை இறங்குவதை எழுதினார். மெனிகாவின் பெயரையும் இரண்டு வாளியையும் எழுதினார். ரோமில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கடைசியாக, முடித்து வைக்க ஒரு வரி எழுதினார்:

'சூரியன் நகர்ந்துவிட்டது என்று நான் எண்ணியது பிழை. நான் நின்றிருந்த இடம்தான் நகர்ந்துகொண்டிருந்தது. அதன் மேலேயே நின்றதால் அதை நான் உணரவில்லை.'

மை காய்வதற்காகக் காத்திருந்தபோது அந்த வரியைத் திரும்பப் படித்தார். மூன்றாம் தடவை படிக்கும்போது கண் அதிலேயே நின்றுபோயிற்று. வடக்கே ப்ரஷ்யப் பக்கத்துக் குரு ஒருவர், சூரியன் அசையவில்லை, பூமிதான் சுற்றுகிறது என்று புத்தகம் போட்டு முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. அந்த மனிதரைத் தத்தேயோ வகுப்பில் ஒரே கேள்வியில் ஊதித் தள்ளிவிடுவார். நாம் நிற்கிற இடம் நகர்ந்தால் நமக்குத் தெரியாதா? மாணவர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். வருஷா வருஷம் அப்படித்தான்.

விளக்கை எடுத்துக்கொண்டு எழுந்தார். என்ன நினைத்தாரோ, மறுபடி கீழே மண்டியிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் ஈரத் தரையில் பதித்து அழுத்திப் பார்த்தார்.

"என்ன ஐயா தேடறீங்க?" என்று தூரத்திலிருந்து மெனிகா கேட்டாள்.

அவர் கையை எடுக்கவில்லை. கல் ஜில்லென்று இருந்தது. அசைவு எதுவும் தெரியவில்லை. இந்தப் பன்னிரண்டு வருஷமும் தெரிந்ததில்லை.